ஒரே கை எழுதிய நான்கு கடிதங்கள்

1

நான் இருக்கும் நாட்டின் பெயரை இதில் எழுதப் போவதில்லை. கணவரை இங்கே கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பம் இன்னும் யாரோ ஓர் அதிகாரியின் மேசையில் கிடக்கிறது. அவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் காலத்தில் எதையும் மொழிபெயர்க்க ஒரு விரல் போதும். எனக்கு இப்போது எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது. குளிர் நாடு, பஸ் நேரத்துக்கு வரும் நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில், வெள்ளவத்தையில் இதை வாசிக்கிற பாதிப் பேருக்கு இப்படியொரு நாட்டில் அண்ணனோ மச்சாளோ இருப்பார்கள், அதுவே போதும்.

எங்கள் ஐந்தாவது திருமண நாளன்று காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்த மின்னஞ்சல் வந்தது. கொழும்பிலிருந்து செல்வராஜ் ஏதோ வாழ்த்துப் படம் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன். அவர் ரோஜாப் பூவில் தண்ணீர் சொட்டுகிற படங்களாகத் தேடி அனுப்புவார். இது குடிவரவு அலுவலகம். முதல் வரியே 'வீ ஹாவ் கேர்ஃபுல்லி கன்சிடர்ட்' என்று இருந்தது.

பதினாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். அந்த வரியைப் பார்த்ததும் மனம் பழைய பழக்கத்தில், 'ஹாவ்' என்பதற்கும் வினைக்கும் நடுவில் வினையடை சரியான இடத்தில் இருக்கிறது, ஒரு புள்ளி கொடுக்கலாம் என்றது. அதற்கு அடுத்த வரியைப் படித்தேன். கணவர் என்று நான் சொல்கிற ஆள் உண்மையில் என் கணவர்தானா என்பதில் அவர்களுக்குத் திருப்தி இல்லையாம். பதில் சொல்ல முப்பது நாள் இருக்கிறது. அதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் போதாவிட்டாலோ, விண்ணப்பக் கோவை மூடப்படும்.

இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டது.

2

நான் வேலை செய்வது முதியோர் இல்லம் ஒன்றில். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது. ஒவ்வொன்றையும் செய்து முடித்தபின் ஒரு குறிப்பு எழுத வேண்டும். நான் ஆங்கில மிஸ் அல்லவா, முதல் வாரமே குறிப்புகளில் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். 'ஏழாம் அறை ஐயா மகிழ்ச்சியாகக் காலை உணவு உட்கொண்டார். அன்போடு உதவியபோது மெதுவாக எழுந்து நிற்க விரும்பினார்.' ஆங்கிலத்தில் இது இன்னும் அலங்காரமாக இருந்தது.

பொறுப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டாள், மகிழ்ச்சியாகச் சாப்பிட்டார் என்று உனக்கு யார் சொன்னது என்று. "எத்தனை கரண்டி சாப்பிட்டார், அதை எழுது. எழுந்து நின்றாரா, எவ்வளவு நேரம் நின்றார், அதை எழுது. அவர் மனதுக்குள் என்ன நடந்தது என்பது உன் வேலை இல்லை," என்றாள். அவமானமாக இருந்தது. வெள்ளவத்தையில் நான் யார் என்று இவளுக்குத் தெரியாது என்று கழிவறைக்குள் நின்று மனதுக்குள் கத்தினேன்.

எழுதும்போதுதான் இவர்களுக்கு இந்தக் கண்டிப்பு. வாயைத் திறந்தால் வினையடை இல்லாமல் இவர்களுக்கு மூச்சே வராது. 'நான் குவிக்லி ஒரு கோப்பி குடிக்க வேண்டும்', 'உன்னை ரியலி கேட்க விரும்புகிறேன்', 'என்னால் ஹானஸ்ட்லி எழும்ப முடியவில்லை.' அதிலும் 'ஜஸ்ட்' என்ற சொல் வீட்டுப் பூனை மாதிரி எங்கே இடம் கிடைத்தாலும் படுத்துக்கொள்ளும். 'டு' என்பதற்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில் எதையும் நுழைக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்லிப் படிப்பித்தவள். பஸ்ஸில் புருஷன் பெண்சாதி இருக்கிற சீட்டில் மூன்றாவது ஆள் போய் நடுவில் இருக்கலாமோ என்று வகுப்பில் கேட்பேன். பெடியன்கள் சிரிப்பார்கள். இங்கே எல்லாரும் நடுவில்தான் இருக்கிறார்கள். 'டு ஜஸ்ட் சிட்', 'டு குவிக்லி செக்', 'டு ஆக்சுவலி திங்க்.' யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

என் மகள் ஆரணிக்குப் பதினைந்து வயது. அவளுடைய பேச்சில் வினையடையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். 'லிட்டரலி', 'பேசிக்கலி', 'ஆக்சுவலி.' பசிக்கிறதா என்று கேட்டால் 'நொட் ரியலி' என்று வரும். அப்பாவோடு கதைக்கிறாயா என்று கேட்டாலும் அதே பதில்தான்.

3

ஆரணி என் முதல் கணவரின் பிள்ளை. அவர் சுகவீனத்தில் போனபோது அவளுக்கு நான்கு வயது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் இருந்தோம். ரயில் போகும்போது அலுமாரிக் கதவு தானாகத் திறக்கும். மாலையில், புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த டியூட்டரியில் வகுப்பு எடுப்பேன். வேலைக்குப் போகிறவர்களுக்கான ஆங்கிலம்.

என் பெயர் பரவியதற்குக் காரணம் ஒரு போட்டோகொப்பித் தாள். அதில் இருபது சொற்கள் இருந்தன. 'சின்சியர்லி, ட்ரூலி, டீப்லி, ஹம்ப்ளி, கைன்ட்லி, ஃபுல்லி' என்று போகும். எந்த வினையோடு எது சேரும், எதை எங்கே வைப்பது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பேன். வேலைக் கடிதமோ வங்கிக் கடிதமோ தூதரகக் கடிதமோ, இந்த இருபதில் ஆறைச் சரியான இடத்தில் வைத்தால் காரியம் நடக்கும் என்று சொல்லுவேன். நடந்தும் இருக்கிறது. 'மிஸ்ஸின் இருபது' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் அந்தத் தாளைக் கண்ணாடிக்குக் கீழ் வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டு மூன்று நாள் தலை கால் தெரியாமல் திரிந்தேன்.

செல்வராஜ் அந்த வகுப்புக்கு வந்தவர். மலையகத்திலிருந்து சின்ன வயதில் கொழும்புக்கு வந்து, கொச்சிக்கடையில் ஒரு ஸ்டோர்ஸில் சாமான் இறக்கி, பிறகு அங்கேயே கணக்கெடுக்கும் வேலைக்கு உயர்ந்தவர். கொட்டாஞ்சேனையில் ஒரு அறை. வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வருவார். கடைசி வாங்கில், வியர்வை நாறுமோ என்று யன்னல் பக்கம் ஒதுங்கி இருப்பார். நான் எல்லாருடைய கொப்பியிலும் பக்கத்தின் அடியில் பிழைகளின் எண்ணிக்கையைச் சிவப்பு மையால் எழுதி வட்டம் போடுவேன். அவருடைய கொப்பியில் இருபத்தேழுக்குக் குறைந்ததே இல்லை. ஒரு நாள் வட்டத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ், இதுல சரியா எழுதுனது எத்தனைன்னு எண்ணுனா நேரம் மிச்சமாகும்ல?" என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவர் என்னைவிட ஐந்து வயது இளையவர். நான் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவர் தோட்டத்துக் குடும்பம், நான் பிள்ளையோடு இருக்கிற விதவை. என் அண்ணன் போனை வைத்துவிட்டார், இன்றுவரை எடுக்கவில்லை. அவர் பக்கத்திலும் யாரும் வரவில்லை. பதிவாளர் கந்தோரில் கையெழுத்து வைத்துவிட்டு, காலி வீதியில் ஒரு சைவக் கடையில் மூன்று பேரும் மசாலா தோசை சாப்பிட்டோம். படம் எடுத்தது கடையில் வேலை செய்த தம்பி. அதில் ஆரணியின் பாதி முகம்தான் விழுந்தது. கல்யாணப் படம் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

ஒன்பது மாதம் ஒன்றாக இருந்தோம். பிறகு எனக்கு இந்த வேலை வந்தது. முதலில் நான் வந்தேன், ஒரு வருடத்தில் ஆரணி வந்தாள். அவரும் வந்துவிடுவார் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிவந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார். எவ்வளவு சொல்லியும் மாற்றவில்லை.

4

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தோடு, எங்களைத் தெரிந்தவர்களின் கடிதங்களும் செல்வராஜின் சொந்த வாக்குமூலமும் வைக்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் ஊரில் இப்படி ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெருவில் ஆங்கிலம் தெரிந்த ஆள் ஒருவர் இருப்பார். விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டும், அவர் எழுதுவார், மற்றவர் கையெழுத்து வைப்பார். பள்ளிக்கூட அனுமதிக்கும் அப்படித்தான், மின்சார சபைக்கும் அப்படித்தான். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அந்த ஆள் நான். யாருடைய மகளுக்காகவும் மகனுக்காகவும் 'நான் தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்வது' என்று எழுதியிருக்கிறேன். அது ஒரு உதவி என்றுகூட யாரும் நினைப்பதில்லை. வாளி கேட்டால் வாளி கொடுக்கிற மாதிரி.

போனில் ஒவ்வொருவராகப் பிடித்தேன். வீட்டுக்கார அன்ரி, "பிள்ளை, நீர் எழுதி அனுப்பும், நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கிறன்," என்றார். கொட்டாஞ்சேனையில் செல்வராஜின் அறைக்குக் கீழே போட்டோகொப்பி, ஸ்கேன் எல்லாம் எடுக்கும் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, "டீச்சர், நீங்க எழுதுங்க, நான் பிரிண்ட் எடுத்து சைன் வெச்சி சீலும் அடிச்சித் தாரன்," என்றார். ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர், சிங்களவரான சுனில் அய்யே தனக்குத் தெரிந்த தமிழில், "மிஸ் எலுதுங்கோ, நம்ம செல்வா நல்ல ஆள், அது மட்டும் போடுங்கோ," என்றார். செல்வராஜைக் கேட்டபோது, "எனக்கு எங்க மிஸ் இதெல்லாம் எழுத வரும்? நீங்க எழுதுனா அழகா இருக்கும்," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான்கு கடிதத்தையும் எழுதினேன். எவ்வளவு சந்தோஷமாக எழுதினேன் தெரியுமா? என் இருபது சொல்லையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு சமைக்கிற மாதிரி எழுதினேன். அன்ரியின் கடிதத்தில் நாங்கள் 'டீப்லி' நேசித்தோம். நானாவின் கடிதத்தில் 'ட்ரூலி' மதித்தோம். சுனில் அய்யேயின் கடிதத்தில் ஒருவரை ஒருவர் 'ஃபுல்லி' புரிந்துகொள்ள 'சின்சியர்லி' முயன்றோம். செல்வராஜின் வாக்குமூலத்தில் எல்லாமே இருந்தன. அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வராத வார்த்தைகளை அவர் பேரில் எழுதி, எழுதியபின் நானே வாசித்துக் கண் கலங்கினேன். இதைவிட வெட்கக்கேடு ஒன்றும் இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'இந்த ஆவணத்தைத் தயாரிக்க யாரேனும் உங்களுக்கு உதவினார்களா?' நான்கிலும் 'இல்லை' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டேன். பொய் சொல்கிறேன் என்ற எண்ணம் துளிகூட இல்லை. ஏஜென்சிக்காரர்களைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். ஏஜென்சி யாரும் எங்களுக்கு உதவவில்லைதானே.

5

மின்னஞ்சலோடு வந்த இணைப்பைச் சாப்பாட்டு மேசையில் ஆரணிதான் திறந்தாள். அதிகாரி நான்கு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகிற இடங்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தார். சிவப்புக் கோடு. வெவ்வேறு மதமும் மொழியும் தொழிலும் உள்ள நான்கு பேர் ஒரே சொற்றொடர்களை ஒரே ஒழுங்கில் எழுதியிருப்பது எப்படி என்று கேட்டிருந்தார். இவை ஒருவரே எழுதியவை என்று தோன்றுகிறது, அதை மறைத்துமிருக்கிறார்கள், ஆகவே இந்தத் திருமணமும் அப்படித் தயாரிக்கப்பட்டதாக இருக்கலாம் என்று முடித்திருந்தார். விண்ணப்பதாரர் தன் சொந்தச் சொற்களில், தன் கையெழுத்தில் ஒரு வாக்குமூலம் தர வேண்டும். எந்த மொழியிலும் தரலாம்.

ஆரணி கடிதங்களை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இப்பிடி லிட்டரலி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. இது மெஷின் எழுதின மாதிரி இருக்கு."

"நான் எழுதினது."

"தெரியும். அதான் சொல்லுறன்."

எனக்குக் கை ஓங்கி வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் சொன்னதில் பொய் இல்லை. சரி, முப்பது நாளில் இது நடக்காவிட்டால் நாங்கள் திரும்பிப் போவோம், கொழும்பில் இருந்து பார்ப்போம் என்று சொன்னேன். அவள் மடிக்கணினியை மூடினாள்.

"நீங்கள் போங்கோ. நான் இங்க இருப்பன். பிரெண்ட் வீட்டில கேட்டா விடுவினம்."

"அப்பா?"

"அவர் என்ர அப்பா இல்லைத்தானே, ஆக்சுவலி."

காய்ச்சல் வந்த ஒரு நாள் அந்த மனிதரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இறங்க மாட்டேன் என்று அழுத பிள்ளை இது. அந்த 'ஆக்சுவலி'யை அவள் வேண்டுமென்று கடைசியில் வைத்தாள் என்று எனக்குத் தோன்றியது. அன்று நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

6

எனக்குக் காலை என்றால் அவருக்கு மாலை. வெள்ளிக்கிழமைகளில் வேலைக்குப் போகுமுன் கூப்பிடுவேன். அறைக்குள் சிக்னல் வராததால் அவர் நானாவின் கடைப் படியில் இருந்து கதைப்பார். பஸ் சத்தம், த்ரீவீல் சத்தம், கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகிறவர்களின் பேச்சு எல்லாம் கூடவே வரும். அவரிடம் ஒரு பழக்கம் எனக்கு எரிச்சலைத் தரும். நான் அழத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் அவர் குரல் போய், தெருச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும். யாரோடோ கதைக்கப் போய்விட்டார் என்று நினைத்து, "நான் அழுறன், நீங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீங்கள்," என்று எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன்.

"உங்கட சொந்தச் சொல்லில நீங்களே எழுத வேணுமாம்."

"நானா? எனக்கு எங்க மிஸ்..."

"திரும்ப அதையே சொல்லாதேங்கோ! அப்பிடிச் சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது."

நான் குரலைத் தணித்து, தமிழிலேயே எழுதுங்கள், ஆளைப் பிடித்து மொழிபெயர்க்கலாம் என்றேன்.

"வேணாம் மிஸ். மொழிபெயர்க்கிறவரும் ஒங்கள மாதிரி அழகா எழுதிட்டாருன்னா? நான் இங்கிலீஸ்லயே எழுதுறேன். நீங்க படிச்சுக் குடுத்ததுதானே. வேற என்ன சாட்சி இருக்கு எங்கிட்ட?"

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் கேட்டேன், எழுதுகிறேன் என்றார். இருபதாம் நாள், இருபத்திரண்டாம் நாள், இருபத்தைந்தாம் நாள். ஏழாம் அறை ஐயாவுக்கு இரண்டு தடவை மாத்திரை கொடுக்கப் பார்த்துக் கடைசி நொடியில் பிடிபட்டேன். நானே எழுதி, அதைப் பார்த்துக் கையால் எழுதச் சொல்லி அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தேன். யோசித்தது மட்டுமில்லை, எழுதவே தொடங்கிவிட்டேன். இந்த முறை கெட்டித்தனமாக, வினையடை ஒன்றும் இல்லாமல், வேண்டுமென்று பிழைகள் விட்டு எழுதினேன். ஏழு வரி எழுதியபின் எனக்கே அருவருப்பாகி அழித்தேன். நான் எழுதுகிற பிழைகூட என் பிழையாகத்தான் இருந்தது.

7

இருபத்தெட்டாம் நாள் வந்தது. கோடு போட்ட தாளின் இரண்டு பக்கம், நானாவின் கடையில் ஸ்கேன் செய்தது. நீலப் பேனா. அதை இங்கே தமிழில் தருகிறேன். அவருடைய ஆங்கிலம் எப்படித் தட்டித் தடவிப் போகிறதோ அப்படியே தருகிறேன், நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

'ஐயா அல்லது அம்மா. என் பெயர் செல்வராஜ். முதல் கடிதம் என் மனைவி எழுதினாள். நான் கையெழுத்து போட்டேன். மற்ற மூன்றும் அவள் எழுதினாள். எங்கள் ரோட்டில் அவள்தான் எல்லாருக்கும் எழுதுவாள். பிழை என்று தெரியாது. மன்னிக்கவும்.

அவள் என் டீச்சர். நான் மிஸ் என்று கூப்பிடுகிறேன். அவளுக்குப் பிடிக்காது. நான் கூப்பிடுகிறேன்.

அவள் போன நாள் நான் ஏர்போட் போனேன். திரும்பி பஸ்ஸில் வந்தேன். வெள்ளவத்தை வீடு பெரிய வாடகை. கொட்டாஞ்சேனை அறைக்கு திரும்ப வந்தேன். அவள் பாட்டா செருப்பு கொண்டுவந்தேன். அது கதவுக்குப் பக்கம் இருக்கிறது. வருகிறவர்கள் பொம்பளை யார் உள்ளே என்று கேட்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் போன் பண்ணுவாள். சில நாள் அவள் அழுவாள். அப்போது எனக்கும் வரும். நான் போனைத் தூரம் பிடிப்பேன். அவள் கேட்கக் கூடாது.

மகள் என் சொந்த மகள் இல்லை. ஒரு நாள் காய்ச்சல். மழை, த்ரீவீல் இல்லை. நான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி போனேன். என் சட்டையில் வாந்தி எடுத்தாள். அன்று அப்பா என்று சொன்னாள். இப்போது சொல்வது இல்லை. பெரிய பிள்ளை. நான் கோபம் இல்லை.

உங்கள் நாட்டைப் போனில் பார்த்தேன். ரோட்டில் ஆட்கள் இல்லை. எனக்கு உங்கள் நாட்டுக்கு வர ஆசை இல்லை. என் மனைவி இருக்கிற வீட்டில் இருக்க ஆசை. அது உங்கள் நாட்டில் இருக்கிறது. நீங்கள் அவளைத் திருப்பி அனுப்பினாலும் நல்லது.'

அதன் கீழே கையெழுத்து.

போனைத் தூரப் பிடிக்கிற அந்த இடத்தை மூன்று தடவை வாசித்தேன். நான்கு வருடம் அந்த மனிதரை ஏசியிருக்கிறேன்.

பிறகு கடைசி வரி. 'திருப்பி அனுப்பினாலும் நல்லது.' எந்த அதிகாரியாவது இதை வாசித்துவிட்டு வீசா கொடுப்பாரா? வர ஆசையில்லை என்று ஆளே எழுதிக் கொடுத்திருக்கிறார், கோவையை மூடு என்பார்கள். என்னையும் சேர்த்து அனுப்பினாலும் அனுப்புவார்கள். இரண்டு நாள் இருந்தது. போன் பண்ணி, அந்தக் கடைசி வரிகளை விட்டுவிட்டுத் திரும்ப எழுதுங்கள் என்று சொன்னால் ஒரு மணி நேரத்தில் எழுதி அனுப்பிவிடுவார். நான் சொன்னால் எதையும் செய்வார். எண்ணை அழுத்தவும் செய்தேன். ஒரு தடவை மணி அடித்ததும் நிறுத்திவிட்டேன். அந்த வரிகளை எடுத்துவிட்டால் அது ஐந்தாவது கடிதம், அதே கை எழுதிய ஐந்தாவது கடிதம்.

ஆரணி பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவளுடைய மூச்சு என் காதில் பட்டது. அந்தக் காய்ச்சல் பத்தியில் அவள் நிற்கிறாள் என்று தெரிந்தது, திரையை நகர்த்தாமல் இருந்தேன்.

"அந்தக் கடைசி வரி," என்றேன். "அதை எடுக்கச் சொல்லவோ?"

அவள் என் கையை மடிக்கணினியிலிருந்து விலக்கினாள்.

"தொடாதேங்கோ அம்மா," என்றாள். இந்த முறை 'லிட்டரலி'யும் இல்லை, 'ஆக்சுவலி'யும் இல்லை.

அப்பா என்று அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் சொல்லவில்லை, திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

கடிதத்தை ஏற்றினேன். கடைசிப் பக்கத்தில் அதே கேள்வி வந்தது. 'இந்த ஆவணத்தைத் தயாரிக்க யாரேனும் உங்களுக்கு உதவினார்களா?' 'இல்லை' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

8

அதை அனுப்பி ஒன்பது வாரம் ஆகிறது. இன்னும் பதில் இல்லை. கனவில் சிவப்புக் கோடுகளாக வருகின்றன. அந்தக் கடைசி வரியை ஏன் விட்டாய் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்னையே கேட்கிறேன். பஸ்ஸில் போகும்போது, விட்டது சரி என்று இருக்கும், இறங்கும்போது, ஐயோ, என் கையால் என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று இருக்கும். எந்தப் பக்கம் யோசித்தாலும் பயம்தான் மிஞ்சுகிறது.

அனுப்பிய அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போலக் கூப்பிட்டேன். படியில்தான் இருந்தார்.

"அனுப்பிட்டீங்களா மிஸ்?"

"ஓம். நீங்கள் எழுதினபடியே அனுப்பிட்டன்."

"திருத்தலயா?"

"இல்லை."

ஒரு த்ரீவீல் ஹோன் அடித்துக்கொண்டு போனது.

"எத்தன பிழை மிஸ்?"

"எண்ணேல்லை."

பழைய மாணவன் அல்லவா, அவருக்கு அது வேறு மாதிரி விளங்கியிருக்க வேண்டும். "எண்ண முடியாத அளவுக்கு இருந்துச்சு போல," என்று மெல்லச் சிரித்தார்.

அப்படியில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நான் அழுவது அவருக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சுச் சத்தம் போய், பஸ்ஸும் ஆட்களும் தெருவுமாக ஒரே இரைச்சல் பெரிதாகக் கேட்டது. நான் ஏசவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் அதைத் திரும்பக் கிட்டக் கொண்டுவரும்வரை கொட்டாஞ்சேனைத் தெருவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.